கடைமடைக்கும் எட்டும் அன்பு

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடைமடை என்னும் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் திறக்கப்பட்ட பிறகு இப்பகுதிக்குக் காவிரி நீர் வந்தது. ஆயினும் மேல்மடைக்காரர் பாய்ச்சியது போக மிஞ்சினால்தான் கடைமடைக்குத் தண்ணீர். நாற்று கருகும்போதெல்லாம், "மேலே இருப்பவர்களுக்கு நம் நினைவே இல்லையா?" என்று நாமும் மனம் குமுறியதுண்டு. அதே நாம் நம் சொந்தச் சகோதரரைக் கடைமடையில் நிறுத்திய கதையை வாசகர்களிடம் மறைக்காமல் கூற விரும்புகிறோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகள் விடிவதற்குள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பிள்ளைகளைப் போல் வளர்த்த மரங்களைக் கண்டு, அழுதறியாத ஆடவரும் வாய்விட்டு அழுதனர்.

அன்றிரவு நம் சிற்றூரின் கோயிலே அனைவருக்கும் அடைக்கலமாயிற்று. பெரிய தெருக்காரரும் காலனி மக்களும் பீடத்தின் முன்னே ஒன்றாக அமர்ந்து செபமாலை சொன்னோம். மறுநாள் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சினோம். எவர் வீட்டு அரிசி, எவர் கை சமைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்டவர் விரும்பிய திருச்சபை இதுதானோ என்று நம் உள்ளம் நெகிழ்ந்தது.

அந்த நெகிழ்ச்சி நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. உதவியாகத் தார்ப்பாய்கள் வந்து இறங்கின. எல்லா வீடுகளுக்கும் அவை போதா. பட்டியல் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நாம் பெரிய தெருவிலிருந்தே எழுதத் தொடங்கினோம். "தோப்பை இழந்தவர்களுக்கு அல்லவா பெரிய நட்டம்?" என்று நமக்கு நாமே நியாயமும் சொல்லிக்கொண்டோம். தோப்பு இல்லாதவர்கள் அந்தத் தோப்புகளில்தான் காய் பறித்தும், மட்டை உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் வீட்டில் சில ஓடுகளே பறந்திருந்தன. அவர்களுடைய குடிசைகளிலோ கூரையே இல்லை. பட்டியல் காலனியை எட்டுமுன் தார்ப்பாய்கள் தீர்ந்துவிட்டன.

காலனியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வெறுங்கையோடு திரும்பும்போது நம்மைப் பார்த்து, "பரவாயில்லைங்க ஐயா, பட்டியல்ல கடைசிப் பேரு எப்பவும் எங்க தெருதானே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வரிசையில் அவரே நமக்கு முன்னால் நின்றார். அவர் நாவில் வந்த அதே ஆண்டவர்தாம் நம் நாவிலும் வந்தார். கண்ணால் காணும் சகோதரனை நேசியாதவன் காணாத கடவுளை நேசிக்க இயலாது என்று புனித அருளப்பர் தம் முதல் திருமுகத்தில் எழுதியதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அன்றுதான் அது நம் பெயருக்கே எழுதப்பட்ட கடிதம் என்று உணர்ந்தோம். ஆண்டவரின் விருந்தில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் வயிறார உண்ட கொரிந்து நகரத்தாரைப் புனித சின்னப்பர் கடிந்துகொண்டாரே, அவர்களிலும் நாம் எவ்வகையில் மேலானவர்?

மாலையில் பங்குத் தந்தையிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டோம். இரண்டாம் முறை வந்த பொருள்களுக்குப் பட்டியலைக் காலனியின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கினோம். நம் வீட்டுத் தார்ப்பாயும் அந்த மூதாட்டியின் குடிசைக்குச் சென்றது. நம் தெருவில் சிலர் பல நாள் நம்முடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மூதாட்டி அன்று முதல் நம்மைக் கண்டால் நின்று, வீட்டுநலம் விசாரித்துவிட்டே செல்கிறார்.

இது ஒரு சிற்றூரின் குறை மட்டுமன்று. சாதி வேறுபாடு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்களிடம் எடுத்துரைத்தார். இந்திய ஆயர் பேரவையும் 2016ஆம் ஆண்டு திசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று அறிவித்தது. மேய்ப்பர்கள் சொல்லிவிட்டார்கள். செய்ய வேண்டியவர்கள் நாமே.

நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருந்த வேலியையும் அந்தப் புயல் சாய்த்தது. சில வாரங்களில் அது மீண்டும் எழுந்து நின்றது. இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கும் நவம்பர் மாதத்தில், வேலிக்கு இருபுறமும் மெழுகுவத்தி ஏந்தி நிற்கிறோம். அதை அகற்றுவது பற்றிப் பங்குப் பேரவையில் கேட்டோம்; இன்னும் முடிவாகவில்லை. மீண்டும் கேட்போம்.

அன்பார்ந்த வாசகர்களே! இறைவன்மீது நமக்குள்ள அன்பு எவ்வளவு என்று அறியக் காணிக்கைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். நம் வீட்டு விருந்திலும், பங்கின் பட்டியலிலும், திருவிழாச் சப்பர வீதியிலும் கடைசியாக நிற்பவர் யார் என்று பார்ப்போம். கடைமடை வயல் காய்ந்து கிடக்க, வாய்க்காலில் நீர் நிறைந்து ஓடுகிறது என்று நாம் பெருமை பேசலாமா?