“ஸ்கூல் லீவா தம்பி?”



போன வாரம் பேரப்பிள்ளைகள் மூவரோடு வைகை அணைக்குப் போன படத்தைப் போட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். “திங்கட்கிழமை அதுவுமா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களே சார், ஸ்கூல் லீவா?” உள்பெட்டியில் வந்து கேட்டவர்களும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் இதையும் சகித்துக்கொள்வீர்கள்.

லீவு இல்லை. என் மகளின் பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டிலேயே படிக்கிறார்கள். மூன்று வருடமாகிறது. 32 வருடம் அரசுப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவன் வீட்டில் இப்படியா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பெரியவன் இரண்டாம் வகுப்பு. அப்போது அவர்கள் வெளியூரில் இருந்தார்கள். செல்போனில் வகுப்பு, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் என்று எல்லா வீட்டிலும் நடந்ததுதான் அங்கும் நடந்தது. 2021 நவம்பர் 1-ம் தேதி ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திறந்தார்கள். மற்ற பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போனார்கள். இவன் தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நான்காம் வகுப்புப் பையனுக்கு இரண்டு வரி சேர்ந்தாற்போல வாசிக்க வரவில்லை. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் என் மகள் போனில், “அப்பா, இவனை நிறுத்தப் போறேன்” என்றாள். அடுத்த மே மாதம் மூட்டை முடிச்சோடு அல்லிநகரம் வந்து சேர்ந்தார்கள். மகளுக்குக் கணினி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாப்பிள்ளைக்குப் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை கிடைத்தது. அவர்களுக்கு மாடி, எங்களுக்குக் கீழ்.

பெரியவனுக்கு இப்போது 13, பேத்திக்கு 10, சின்னவனுக்கு 6.

வந்த முதல் வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழ் அறையில் கரும்பலகை மாட்டினேன். கால அட்டவணை எழுதி ஒட்டினேன். ஒன்பதரைக்கு மணி அடிப்பதற்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் பெரியவனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். பயல் எழுந்தான், புத்தகத்தைப் பிடித்தான், கால் நடுங்கியது. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“அப்பா, இவன் ஸ்கூல விட்டு ஓடி வந்ததே இதுக்குத்தான். இங்கயும் அதேதானா?”

“நான் சொல்லிக்கொடுத்துப் படிச்சவதான நீயும்?”

“உங்க மகள்ங்கறதால தப்பிச்சேன். மத்த பிள்ளைங்க பட்டது எனக்குத் தெரியும்.”

மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. கரும்பலகையைக் கழற்றியதும் நானில்லை, என் துணைவியார். இப்போது அதில் பால் கணக்கு எழுதியிருக்கிறது.

மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டியபோதுதான் பெரியவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்று எழுதிக் கொடுத்தார்கள். அறிவில் குறை இல்லை. எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் இடத்தில் சிக்கல். “தாரே ஜமீன் பர்” படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பணியில் சேர்ந்த 1981-ல் இந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கூட இது கிடையாது. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தார்கள். இப்போது பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று சலுகைகள் உண்டு. உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது இந்தச் சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பேரனுடைய நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நம் எழுத்தையே நான் புதிதாகப் பார்த்தேன். ‘பெ’ என்று எழுதுகிறோம். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ‘ப்’புக்குப் பின்னால் வருகிறது. ‘பொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் கண் தாவித் திரும்ப வேண்டும் என்கிறோம். நமக்குப் பழகிவிட்டது. அவனுக்கு ஒவ்வொரு முறையும் அது ஒரு பள்ளம். (எனக்கே 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய ‘லை’யையும் ‘ணை’யையும் விட மனம் வராமல் ஒரு வருடம் இரண்டையும் கலந்து எழுதிக்கொண்டிருந்தேன்.)

அவன் படிக்க ஆரம்பித்தது பாடப் புத்தகத்தில் இல்லை, நாளிதழில். அதுவும் ஒரு மூலையில் சின்னதாகப் போடுவார்களே, அணை நீர்மட்டம், அதில். நம் மாவட்டத்துக்காரன் எவனும் காலையில் அதைப் பார்க்காமல் காபியைக் கீழே வைப்பதில்லை. நான் சத்தமாகப் படிப்பது வழக்கம். பெரியாறு இவ்வளவு, வைகை இவ்வளவு, மஞ்சளாறு, சோத்துப்பாறை. ஒருநாள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பயல் வந்து பேப்பரை வாங்கி எண்களைப் படித்தான். எண்ணில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. பக்கத்தில் இருந்த பெயரையும் படித்தான். தினமும் அதே ஏழெட்டுச் சொற்கள், அதே இடத்தில். நீர்வரத்து, வெளியேற்றம், கன அடி, இருப்பு. யாரும் நிற்க வைக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் அந்தப் பெட்டி முழுக்க அவன் வசமாகிவிட்டது. பிறகு பெட்டிக்கு வெளியே இருக்கும் செய்தி.

அதிலிருந்து பாடம் தானாகக் கிளைத்தது. வைகையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இன்றைக்கு 61.5 அடி, நாளுக்கு 0.3 அடி ஏறினால் 66 எப்போது வரும்? பேத்தி தாளில் போட்டு 15 நாள் என்பதற்குள் பெரியவன் வாயாலேயே சொல்லிவிடுவான். பிறகு பெரியாற்றில் ஏன் 142 அடியோடு நிறுத்துகிறார்கள், அணையின் அளவு 152 ஆயிற்றே என்று பேத்தி பிடித்துக்கொண்டாள். 2014-ம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை போக வேண்டியதாயிற்று. லோயர் கேம்ப் போய் பென்னிகுயிக் மணிமண்டபம் பார்த்தோம். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இரு போகமும் அந்த ஒரு சுரங்கத் தண்ணீரை நம்பியிருப்பதை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் குழாய் ஓரம் நின்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கேட்டபோது எனக்கே அது புதுப் பாடமாக இருந்தது.

எல்லா நாளும் இப்படி அழகாக இருக்காது. உள்ளதைச் சொல்லவேண்டுமே. பெரும்பாலான நாள் சந்தைக்கடைதான். காலை எட்டு மணிக்கு அடுப்படியில் இட்லி, ஹாலில் சின்னவன் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருப்பான். 2022 மே மாதம் தேனிக்கு அகல ரயில் வந்ததிலிருந்து அவன் கடிகாரமே ரயில்தான். பேத்தி சமச்சீர்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு யாராவது கேள்வி கேளுங்கள் என்று நச்சரிப்பாள். மகளுக்கு ஒன்பதரைக்கு அலுவலகக் கூட்டம், அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவன் கத்துவான். “வீடா இது? கல்யாண மண்டபமா?” என்று அம்மாச்சி கரண்டியோடு வருவாள். மதியம் மூவரும் அவளிடம் சமையல் அளவு, விலைக்கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் பெரியவன் அப்பாவோடு போடிக்குப் போய்விடுவான். அங்கே ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது ஒரு விலை, கீழே விழுவது ஒரு விலை. பார்த்த மாத்திரத்தில் சொல்கிறானாம். மாப்பிள்ளைக்குப் பெருமை. எனக்கு உள்ளூர ஒரு பயம், இப்படியே கடையிலேயே நின்றுவிடுவானோ என்று.

தெருவில் இறங்கினால் தினமும் அதே கேள்வி. “ஸ்கூல் லீவா தம்பி?” முதலில் பிள்ளைகள் விளக்கிப் பார்த்தார்கள். இப்போது சின்னவன் “ஆமா” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். போலீஸ் வரும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் படிப்பதைக் குற்றம் என்று அதில் எங்கும் எழுதவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதியலாம், ஐந்து பாடம் போதும், ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். அடுத்த ஆண்டு பெரியவனுக்கு அதுதான் திட்டம். எழுதுவானா? தெரியாது. மகள் தைரியமாகத்தான் இருக்கிறாள். ராத்திரி மாடியில் விளக்கு வெகுநேரம் எரிகிறது.

என்னைப் பார்த்து யாரும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன். இங்கே மாடியில் கணினி வேலை பார்க்கும் தாய் இருக்கிறாள், கீழே ஓய்வூதியம் வாங்கும் வாத்தியார் இருக்கிறான். தோட்ட வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்குமா? நான் காமராசர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவன். அந்தச் சோறு இல்லையென்றால் என் அப்பாவோடு மாட்டுவண்டிதான் ஓட்டியிருப்பேன். இன்றைக்குக் காலை உணவும் போடுகிறார்கள். அந்தக் கதவை நாமாகச் சாத்தக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கும் குறை இருக்கிறது. சாயங்காலம் நான்கரைக்குத் தெருப் பிள்ளைகள் சீருடையோடு திரும்பும்போது பேத்தி வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கபடிக்கு ஏழு பேர் வேண்டுமே, வீட்டில் எங்கே போவது?

இனிமேல்தான் இதை எழுத உட்கார்ந்த காரணம்.

போன மாதம் பெரியவனின் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினேன். ‘பொறுமை’ என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் வேறு எழுத்தின் மேல். ஒரே சொல், மூன்று வரியில் மூன்று விதம். இந்தக் கையெழுத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று அன்று தூக்கம் வரவில்லை.

1992. பள்ளியின் பெயர் வேண்டாம், அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அவன் அப்பா சந்தையில் தக்காளி போடுபவர். கிலோ மூன்றே கால் ரூபாய் என்றால் 47 கிலோ எவ்வளவு என்று கேட்டால், நான் பலகையில் முடிப்பதற்குள் 152 ரூபாய் 75 காசு என்பான். அதே பையன் எழுத்தில் ஒரு வரி சரியாக எழுத மாட்டான். திமிர் என்று நினைத்தேன். கணக்கு வருகிறவனுக்கு எழுத்து வராதா? நூறு முறை எழுதி வா என்றேன். நூறு முறையும் தப்பாகவே எழுதி வந்தான். ஸ்கேலின் விளிம்பால் மொழியில் அடித்தேன். ‘மக்கு’ என்றேன், வகுப்பு சிரித்தது, நான் தடுக்கவில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். அவன் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது, “அவனுக்குப் படிப்பு ஏறல சார்” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இப்போது என்னைப் படுத்துகிறது. அடித்ததைக்கூட அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை, “இல்லம்மா, அவன் கெட்டிக்காரன், இருக்கட்டும்” என்று சொல்ல எந்தச் சட்டமும் புத்தகமும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “தேடிப் பாருங்கப்பா” என்றாள்.

அவனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது இருக்கும். முகநூலில் இருந்தாலும் இவ்வளவு நீளத்தை அவன் படிக்க மாட்டான். ஆகவே அந்த வகுப்பில் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவன் பெயரை இங்கே கருத்தில் எழுதாதீர்கள். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இதை அவனுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டுமாவது. பேச விருப்பமில்லை என்றால் தொந்தரவு செய்ய வேண்டாம். விருப்பம் இருந்தால் அவனை அலைய வைக்காதீர்கள், ஊரை மட்டும் சொல்லுங்கள். நான் போய்ப் பார்க்கிறேன். பெரியவனையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.