தில்லை மரம் பார்த்தோம்

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். போன மாதம் புளியோதரை கட்டிக்கொண்டு குழந்தைகளோடு போய் வந்தோம். சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகு நுழைந்ததும் வெயிலே தெரியவில்லை! வேர்களெல்லாம் தண்ணீருக்கு மேலே வளைந்து நிற்கின்றன.

கரையோரம் சின்னவள் ஒரு இலையைக் கிள்ளப் போனாள். "தொடாதே பாப்பா, அது தில்லை! பால் கண்ணுல பட்டா கண்ணு தெரியாமப் போயிடும்" என்று அதட்டினார் படகுக்காரர். சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் தந்த மரம்! கோயிலுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். மரத்தை அன்றுதான் பார்த்தேன். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், சகோதரிகளே.

2004 சுனாமியின்போது இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. "இந்த மரங்கதாம்மா எங்க புள்ளைங்களைக் காப்பாத்துச்சு" என்றார் அவர்.

கரைக்கு வந்து, சின்னவள் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.