ஸ்டோர் ரூமில் கிடைத்த ஆர்ச்சி புத்தகங்கள்



போன ஞாயிறு நம்ம ஆலயத்தில் கோத்தோங் ரோயோங். பசியாறிட்டு ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ண இறங்கினோம். பழைய திருவிழா மலர்களுக்கு அடியில் ஒரு மைலோ பெட்டி. திறந்து பார்த்தா, முழுக்க ஆர்ச்சி காமிக்ஸ்! அதோட வேலை நின்னு போச்சு. எங்களில் பாதிப் பேர் ஆங்கிலம் பழகினதே இதைப் படிச்சுத்தானே.

பெட்டி யாருடையதுன்னு கேட்டா, நம்ம ஓவியர் அண்ணன் சிரிக்கிறார். முப்பது வருஷமா நம்ம திருவிழா பேனர், மலர் அட்டை எல்லாம் வரையிறவர். கோடு போடக் கத்துக்கிட்டதே இந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தானாம்.

பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். 1941-இல் பெப் காமிக்ஸ் 22-ஆம் இதழில் ஆர்ச்சியை முதலில் வரைந்தவர் பாப் மொண்டானா. 1946-இல் தொடங்கிய செய்தித்தாள் தொடரை 1975-இல் இறக்கும் வரை வரைந்தார். ஜக்ஹெட்டின் அந்த அலட்சியமான நடை பெரும்பாலும் சாம் ஷ்வார்ட்ஸ் கைவண்ணம். ஆர்ச்சி தடுக்கி விழும் வேகம் ஹாரி லூசியுடையது. பெட்டி, வெரோனிக்கா என்றதும் நம்ம கண்ணுக்கு வர்ற முகம் டான் டிகார்லோ கொடுத்தது.

அந்தக் காலத்துக் கதைகளில் பெரும்பாலும் ஓவியர் பெயரே இருக்காது. டிகார்லோ தன் மனைவி ஜோசியின் பெயரிலேயே ஒரு பாத்திரத்தை உருவாக்கினார். 'ஜோசி' படமானபோது உரிமை கேட்டு வழக்குப் போட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் வரைந்து கொடுத்த நிறுவனத்தில் வேலை போச்சு, வழக்கிலும் தோல்வி. 2001-இல் காலமானார்.

"அநியாயம்ணே"னு சொன்னோம். அப்போ எங்களில் ஒருத்தர் சும்மா பழைய மலர் ஒன்றைப் புரட்டினார். பத்து வெள்ளி உபயம் கொடுத்தவர் பெயர்கூட இருக்கு. அட்டையை வரைந்தவர் பெயர் இல்லை. எல்லா மலரையும் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. அந்த மலர்களைத் தயாரித்தது நாங்கதான்.

"சாமிக்கு வரைஞ்சதுக்குப் பேர் எதுக்குப்பா?"ன்னார் அண்ணன்.

"அப்போ இவங்க பேரெல்லாம் ஏன்ணே தெரிஞ்சு வச்சிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் பேசலை. "யார் வரைஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு இருபது வருஷம் ஆச்சு. யாரும் சொல்லலையே."

அவர் கை இப்போ நடுங்குது. இந்த வருஷ அட்டைதான் கடைசின்னு சொல்லிட்டார். அதில் அவர் பெயர் முதல் பக்கத்திலேயே வரும். மாலை கட்டுறவங்க, கோலம் போடுறவங்க, மடப்பள்ளியில் வேகுறவங்க பெயரும் வரும். அவருக்கு முன்னால் யார் வரைஞ்சாங்கன்னு எங்களுக்கே தெரியலை. பழைய மலரோ படமோ வீட்டில் இருந்தா, தெரிஞ்ச பெயரைக் கீழே எழுதுங்க. உங்க தாத்தா, பாட்டியிடமும் கேளுங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

— ஆலயத் தொண்டர்கள்