நான் கேலி செய்த பெயர்

தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். அப்போது ஒரு பிள்ளைக்கு நான் செய்த தவறை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "மார்கரெட்." கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். சங்கு குளிக்கிறவர் வீட்டுப் பிள்ளை.

"முத்துக்குளிச்ச ஊர்ல பொறந்துட்டு இது என்ன பேரு, பிள்ள? முத்துச்செல்வின்னு வச்சிருக்கக் கூடாதா? இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பாப்போம்."

வகுப்பு சிரித்தது. "தெரியாது சார். எங்க ஆச்சி பேரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு என் வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

அர்த்தம் எனக்கும் தெரியாது. தெரிந்தவன்போலக் கேட்டேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கொற்கையைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. கிரேக்கத்தில் மார்கரிட்டேஸ் என்றால் முத்து. லத்தீனில் மார்கரீட்டா, அதுவே பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் மார்கரெட் ஆனது. கிரேக்கருக்கே அது கிழக்கிலிருந்து போன சொல் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அர்ரியன், அதை இந்தியர் மொழிச் சொல்லென்றே குறிக்கிறார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவை அலங்கரிக்கக் கடலெங்கும் முத்துச் சேகரித்த கதை அவர் நூலில் இருக்கிறது. பாண்டையா என்ற பெயரில் பாண்டிய நாட்டைக் காண்கிறார்கள் ஆய்வாளர்கள். கொற்கை பாண்டியர்களுடைய துறைமுகம்.

1530களில் இந்தக் கரைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வழியில் வந்த பெயர்களில் ஒன்றைத்தான் அந்நியமென்று சிரித்தேன். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கடலடிப் பாரில் முத்துச்சிப்பி அற்றுப்போன ஊரில், முத்தைப் பெயராகவே வைத்திருந்த குழந்தையிடம் முத்து எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. அர்த்தம் தெரிந்த அடுத்த வருஷமே, வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். "வணக்கம் சார்" என்று எழுந்து இடம் கொடுத்தாள். "நல்லாருக்கியாம்மா?" என்றேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. மாணவியிடம் வாத்தியார் மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பு தடுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மார்கரெட், இது உன் கண்ணில் பட்டால் என்னை மன்னித்துவிடு அம்மா. உன் பெயருக்கு முத்து என்று அர்த்தம். உன் ஆச்சி பெயருக்கும் அதுதான்.