துளையின் அளவு

இயந்திரத்தைப் பழுதுபார்த்தல் முழுவதும் கைவேலை என்றே பலரும் எண்ணுவர். ஆனால், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே அவ்வேலையில் ஒரு பாதி இருக்கிறது. எதிரே இருக்கும் உறுப்பு எவ்வகையைச் சார்ந்தது, அதன் அளவு யாது என அறிவதே அந்தப் பாதி. பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைத் தூய்மை செய்யும் சிறு பணி இதனை நன்கு விளக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் தந்தை ஓட்டிய புல்லட்டையோ எஸ்டியையோ மகன் பேணி வருவதை இன்றும் காணலாம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது; காற்றில் ஈரம் மிகுதி. இக்காலப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற படிவை விட்டுச் செல்கிறது. பெட்ரோலைவிட அடர்த்தி மிக்க நீர், கிண்ணத்தின் அடியில் தங்குகிறது. எரிபொருளை உறிஞ்சும் நுண்துளையும் அங்கேதான் உள்ளது. அது அடைபட்டால் எத்தனை முறை உதைத்தாலும் வண்டி உயிர்பெறுவதில்லை.

கலக்கும் கருவி

பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து இயந்திரத்திற்கு அனுப்புவதே கார்புரேட்டரின் பணி. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை. நாஞ்சில் நாட்டு உழவர் குளத்தில் நீர்மட்டத்தைக் காத்து, மடைவழியே வயலுக்கு அளந்து விடுவதைப் போன்றதே இக்கருவியின் செயலும். மிதவைக் கிண்ணம் குளம்; அதில் பெட்ரோல் உயரும்போது மிதவையும் உயர்ந்து, ஊசியால் வரத்தை அடைக்கிறது. ஜெட் எனப்படும் நுண்துளை மடை. குறுகிய குழாயில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாக மேலெழுந்து தூவப்படுகிறது. 1738இல் வெளிவந்த தம் நூலில் டேனியல் பெர்னூலி விளக்கிய தத்துவம் இது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவர் கரும்பலகையில் காணும் சமன்பாடு, வண்டியின் இதயத்தருகே பித்தளைத் துளையாக வாழ்கிறது.

அடையாளம் காணுதல்

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகள் நாடெங்கும் பரவின. அவற்றின் ஆங்கிலேய முன்னோடிகளில் இருந்தது ஆமல் கார்புரேட்டர். 1927இல் மூன்று நிறுவனங்கள் ஒன்றானதால் உருவான ஆமல், பர்மிங்காமில் இயங்கியது. மிதவைக் கிண்ணம் தனியே பக்கத்தில் நின்றால் அது பழைய ஆமல். உடலோடு ஒரே வார்ப்பாக அமைந்தால் மோனோபிளாக். ஜெட்டைச் சூழ்ந்து அடியில் இருந்தால் கான்சென்ட்ரிக். பிற்காலப் புல்லட்டுகளில் ஜப்பானிய மிக்குனி வடிவமைப்பைத் தழுவிய மிக்கார்ப் இடம்பெற்றது. மைசூரில் 1961 முதல் உருவான ஜாவா வண்டிகளிலோ செக் நாட்டு மரபைச் சேர்ந்த ஜிகோவ் இருக்கும்.

தோற்றம் முதற்குறிப்பு மட்டுமே. உடலில் பொறித்த எண்களையும் ஜெட்டின் எண்ணையும் அழுக்கு நீக்கிப் படிக்க வேண்டும். ஆமல் ஜெட்டின் எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே பாயும் பெட்ரோலைக் கனசென்டிமீட்டரில் குறிப்பது. எண் சிறிதானால் பெட்ரோல் குறையும். தேவையினும் குறைந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்; பிஸ்டனே உருகித் துளைபடவும் கூடும். ஆகவே, கையில் கிடைத்த ஜெட்டைப் பொருத்துதல் சிக்கனமன்று.

தூய்மை செய்தல்

இயந்திரம் ஆறியபின், தீயும் பொறியும் அணுகாத காற்றோட்டமான இடத்தில், பெட்ரோல் குழாயை மூடிய பிறகே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். காற்றுத் திருகு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது, ஊசியின் கொக்கி எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பவற்றை எழுதிவைத்தல் நன்று. ரப்பர் வளையங்களை அகற்றிய பின்னரே உலோக உறுப்புகளைத் தூய்மைத் திரவத்தில் ஊறவைக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்துள்ளதா என்பது தெரியும். இறுதியில் ஒவ்வொரு வழியிலும் அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். தெறிக்கும் துளியிலிருந்து கண்ணைக் காக்கக் கண்ணாடி தேவை.

அவசரம் நுழையும் இடமும் இதுவே. அடைபட்ட ஜெட்டைக் கண்டதும் இளங்கை கம்பியைத் தேடுகிறது.

“அண்ணாச்சி, கம்பிய விட்டுக் குத்துனா அடைப்புப் போயிருமே?”

“அடைப்பும் போவும், அளவும் போவும் மக்களே. துளையப் பெருசாக்கலாம், பழையபடி சின்னதாக்க முடியாது, கேட்டியா?”

பணிமனையின் மூத்த கைவினைஞர் தரும் இவ்விடையில் தொழிலின் அறம் அடங்கியுள்ளது. பித்தளை மென்மையானது, எஃகுக் கம்பி அதைச் சுரண்டிவிடும். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், எண் அப்படியே இருக்க, அளவு பொய்யாகிவிடும். பின்னர் வருபவர் அந்த எண்ணை நம்பி ஏமாறுவார். ஊறவைத்தும் காற்றடித்தும் காத்திருப்பதே முறை. மிஞ்சினால் மெல்லிய நைலான் இழை போதும். தூய்மை செய்தல் என்பது பொருளைப் புதிதாக மாற்றுவதன்று. அதன் சொந்த அளவை அதற்குத் திருப்பித் தருவது.

பாரத் நிலை 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் மின்னணு முறையே பெட்ரோலை அளந்து தருகிறது. காற்றின் நலனுக்கு அது வேண்டிய மாற்றமே. எனினும், புதிய வண்டிகளிலேயே தொழில் பழகும் இளைஞர்க்கு ஜெட்டின் எண்ணைப் படிக்கும் வாய்ப்பு அரிதாகும். பழைய வண்டிகளின் ஆயுள் இப்போது உதிரிபாகங்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. கம்பியை எடுக்கும் கையைத் தடுத்து, முதலில் எண்ணைப் படிக்கச் சொல்லும் குரலையும் நம்பியிருக்கிறது.