தண்ணி செட் ஆகணும்

எங்கள் வீட்டுத் தொட்டியில் பதினோரு நியான் டெட்ரா மீன்கள் செத்துப்போனதற்கு நான்தான் காரணம். பில்டர் பஞ்சு கறுத்துக் கிடக்கிறதே என்று குழாயடியில் பிடித்து, வெள்ளை வெளேரென்று ஆகிறவரை பிழிந்து அலசி மாட்டினேன். சுத்தம் செய்த திருப்தியோடு தூங்கப் போனேன். அடுத்தடுத்த நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, பிறகு ஒவ்வொன்றாக மிதந்தன.

மீன்தொட்டி அமைத்துத் தரும் கொளத்தூர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அழுக்குன்னு நெனச்சு உயிரக் கழுவி ஊத்திட்டீங்க சார்" என்றார்.

ரெட்டேரியை ஒட்டிய கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் தெருத்தெருவாக உண்டு. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் பலூன் கொத்துபோல் தொங்கும். இவரும் மீன் கடையில் பையனாகச் சேர்ந்தவர்தான். இப்போது தண்ணீருக்குள் செடி வளர்க்கும் செடித்தொட்டி மட்டும். தொட்டி அமைத்துக் கொடுப்பது, பிறகு வாரம் ஒருமுறை போய்ப் பராமரிப்பது. ஒருநாள் முழுக்க அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன்.

காலையில் முதலில் போனது ஒரு மொட்டைமாடிக்கு. பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசையாகக் கறுப்பு டப்புகள். செடிகளின் வேர் தண்ணீரில், தலை காற்றில். தொட்டிச் செடிகளில் பலவற்றை இப்படித்தான் வளர்க்கிறார்கள்; காற்றிலுள்ள கரியமில வாயு தாராளமாகக் கிடைப்பதால் வேகமாக வளரும், பாசியும் ஏறாது. ஆனால் காற்றில் விட்ட இலை தண்ணீருக்குள் நிலைக்காது. மூழ்கியதும் பழைய இலை அழுகி உதிர்ந்து, நீருக்கேற்ற புது இலை வரும். செடிகளைக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரே செடியின் இரண்டு இலைகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று தடித்து விறைப்பாக இருந்தது. மற்றது பட்டுத்துணி போலத் துவண்டது. ஒரே செடி என்று சொன்னால்தான் தெரியும்.

ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்து, அடியில் பஞ்சுப்பட்டை சுற்றி ஈயத்தகட்டை மடக்கினால் ஒரு கட்டு. பேசிக்கொண்டே அவர் விரல்கள் தடவித் தடவி நத்தை முட்டைகளை எடுத்துப் போட்டன. ஒரு டப்பைக் காட்டி, "இது நீர்ப்பிரம்மிதானே?" என்றேன். "எங்க ஊர் ஏரிக்கரையில கால்ல மிதிச்சுக்கினு போவோம். இங்க வந்து பகோபான்னு சொன்னா காசு" என்றார். பக்கத்து டப்பில் கொட்டி. வற்றிய குளத்தைவிட்டுப் போகாமல் ஒட்டிக்கிடக்கும் உறவுக்கு ஔவையார் மூதுரையில் உவமை சொன்ன அதே கொட்டிதான். குளம் காய்ந்தாலும் கிழங்கு சேற்றில் உயிரோடிருக்கும். கடையில் அதன் பெயர் அபொனொஜெட்டான்.

அடுத்து ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. அங்கே சண்டை தயாராக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் நட்ட கிரிப்டோகோரைன் செடிகள் கூழாகிக் கிடந்தன. இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகமெங்கும் போன இனங்கள் இதில் உண்டு. இடம் மாற்றினால் இலை முழுக்கக் கரைந்துபோவது இதன் சுபாவம். தொழிலில் 'மெல்ட்' என்பார்கள். "அழுகினதப் புடுங்கிப் போட்டு வேற வைங்க" என்றார் வரவேற்பறைப் பெண். இவர் கையை விட்டு மண்ணை மெல்ல விலக்கினார். வெள்ளை வேர் கெட்டியாக இருந்தது. நடுவில் அரிசிமணி அளவில் ஒரு சிவந்த முளை. "வேர் இருக்கும்மா. இன்னும் மூணு வாரம் குடுங்க." அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கே அந்த முளையைப் பார்த்திராவிட்டால் வந்திருக்காது.

கிளம்பும் முன் அங்கிருந்த பில்டரைத் திறந்தார். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை லேசாகப் பிழிந்தார், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரின் குளோரின் படக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். அந்த நுண்ணுயிர்களின் வீடுதான் நான் வெளுத்தெடுத்த பஞ்சு. இவர் அங்கிருந்த பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக்கொண்டார்.

மதியம், ஒரு ஐடி அலுவலகத்தில் புதுத்தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 190 லிட்டர், அதாவது 190 கிலோ. ஸ்டாண்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கவே அரைமணி நேரம். மண்ணை முன்னால் தாழ்த்தி, பின்னால் உயர்த்திப் பரப்பினார். கல்லும் கட்டையும் வைத்தார், தள்ளி நின்று பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அனுபியாஸை மண்ணில் நடவில்லை. அதன் கிடைத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டினார். சிறு செடிகளை நீண்ட இடுக்கியில் வேரோடு பிடித்து, சாய்வாகக் குத்தி, பிடியைத் தளர்த்தி, லேசாக ஆட்டி உருவினார். நானும் ஒன்று நட்டேன். இடுக்கியோடு திரும்பி வந்துவிட்டது.

மண் கலங்காமலிருக்க பிளாஸ்டிக் கவரை விரித்து அதன்மேல் தண்ணீர் விட்டார். விளக்குக்கு டைமர், முதல் சில வாரம் ஆறு மணி நேரம்தான். கரியமில வாயு சிலிண்டர் விளக்குக்கு ஒருமணி நேரம் முன்னதாகத் திறக்கும். உள்ளே ஒட்டிய சின்னக் கண்ணாடிக்குமிழில் நீலத் திரவம்: வாயு போதிய அளவு கரைந்தால் பச்சையாகும், மிஞ்சினால் மஞ்சள். மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சுமுட்டும்.

இந்தச் செடித்தொட்டிக் கலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ (1954–2015). பாசி தின்னும் ஒரு இறாலுக்கு அவர் பெயர். "அமானோன்னா எறா பேருன்னுதான் சார் ரொம்ப வருஷம் நெனச்சேன்" என்றார் நம்மவர். செல்போனில் அமானோவின் தொட்டிகளைக் காட்டினார். "அவருக்கு மே மாச மெட்ராஸ் இல்ல. இங்க தண்ணி முப்பது டிகிரிய தாண்டிரும். மேல ஃபேன் போட்டு ஓட்டணும்."

கடைசியாகக் கவரைப் பிரித்து, கறுத்த பஞ்சைப் புது பில்டருக்குள் செருகினார். பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் பதறிவிட்டார். "என்னங்க, புதுசுல போய் சாக்கடையப் போடுறீங்க?"

"தயிருக்கு உறை சார்."

"சரி, மீன் எப்ப விடுவீங்க? திங்கக்கிழமை கிளையன்ட் வர்றாங்க."

"தண்ணி செட் ஆகணும். நாலு வாரமாவது ஆகும்."

மேலாளரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லுக்கும் கட்டைக்கும் பில் போடலாம், காத்திருப்பதற்கு எந்தத் தலைப்பில் போடுவது? "செடி வெக்கிறது ஒரு நாள் வேலை சார்" என்று லிப்டில் சொன்னார். "மீதி நாளெல்லாம் கஸ்டமரப் புடிச்சு வெக்கிறதுதான்."

பஞ்சில் ஒரு துண்டை எனக்கும் மிச்சம் வைத்திருந்தார். கவரின் வாயை இறுக்கக்கூடாது, அதற்கும் காற்று வேண்டும் என்றார். பேருந்தில் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி வந்தேன். ஒரு வளைவில் பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் பேண்ட்டில் சிந்தியது. பக்கத்தில் இருந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.