நம்ம ஊர் மண்பானை மாதிரிதான் என்றேன்

பென்சில்வேனியாவில் குடியேறிய நாளிலிருந்து பழைய ரெட்வேர் பாத்திரங்கள்மீது எனக்குப் பைத்தியம். ஜெர்மானிய வம்சாவளிக் குயவர்கள் செம்மண்ணில் வனைந்து, காரீயக் கிளேஸ் பூசி, விறகுச் சூளையில் சுட்டெடுத்தவை. ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் பெல் குடும்பத்தார் செய்தவை ஏலத்துக்கு வந்தால் அடிதடிதான். என்னிடம் இருக்கும் 19-ஆம் நூற்றாண்டு ஜக்கில் குயவர் முத்திரை இல்லை. தேன்நிறக் கிளேஸில் மாங்கனீசின் கரும்பழுப்புத் திட்டுகள் வழிந்து நிற்கும் அழகுக்கு முத்திரை எதற்கு? கைப்பிடியின் கீழ்முனையில் அந்தக் குயவர் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. அடியில் மட்டும் கிளேஸ் கிடையாது. இருந்தால் சூளையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

காரீயம் நஞ்சு என்பது எனக்குத் தெரியாததல்ல. 1785-லேயே பிலடெல்பியா பத்திரிகை ஒன்று இந்தக் கிளேஸைப் பற்றி எச்சரித்திருக்கிறது. புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து இறங்கும் என்று, புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் சென்ற கோடையில், வீட்டுக்கு வந்த நண்பர் குடும்பத்துக்கு அதே ஜக்கில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். முதல்நாள் இரவே கலந்து, ஜக்கோடு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். பீற்றிக்கொள்ளும் ஆசை, வேறென்ன. அலமாரியில் இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேசைக்கு வந்ததும் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று நண்பர் விசாரித்தார். அவர் மனைவிதான் வேறு கேள்வி கேட்டார்: "ரொம்பப் பழசா இருக்கேண்ணா, இதுல பிள்ளைங்க குடிக்கலாமா?"

"தாராளமா குடிக்கலாம்மா. நம்ம ஊர் மண்பானை மாதிரிதான்."

மண்பானைக்குக் கிளேஸே கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன். பிள்ளைகள் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எனக்குச் சர்க்கரை என்று சாக்குச் சொல்லி, நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் கழுவும்போது பார்த்தால், ஜூஸ் நின்ற மட்டத்துக்குக் கீழே பளபளப்பு மங்கியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஐயோ, விலை போய்விடுமே என்பதுதான் முதலில் வந்த கவலை. பிள்ளைகள் ஞாபகம் அன்றிரவுதான் வந்தது. அப்போதாவது போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இரத்தத்தில் கலந்த காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஒரு பகுதி எலும்பில் போய்த் தங்கிவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில், பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதும் தெரியாமல் போயிருக்கலாம்.

போன வாரம் நேரில் போய்ச் சொன்னேன். நண்பர் என்னைத் திட்டவில்லை. குழந்தை மருத்துவருக்குப் போன் போட்டார். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இப்படி ஒரு ஜக் உங்களிடம் இருந்தால் அலமாரியோடு இருக்கட்டும். யாருக்காவது அதில் குடிக்கக் கொடுத்திருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.